ஷரோன் வான் ரௌவென்டால்: குளத்தில் தொடங்கி செய்ன் நதி வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யார் இந்த ஷரோன் வான் ரௌவென்டால்?

நெதர்லாந்தின் நீச்சல் வீராங்கனை. ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் மாரத்தான் நீச்சலில் இரண்டு முறை தங்கம் வென்ற ஒரே ஆள், ஆண் பெண் இரு பிரிவையும் சேர்த்துச் சொல்கிறேன். 2016-ல் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் மறுபடியும் தங்கம்.

இவ்வளவு தெரிந்தவர்களுக்குக்கூட, அவர் ஒரு காலத்தில் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்து நீச்சல் வீராங்கனையாக உலகப் போட்டியில் பதக்கம் வாங்கியவர் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

அவர் பிரெஞ்சுக்காரர் என்று சிலர் சொல்கிறார்களே?

பிறந்தது நெதர்லாந்தில், உட்ரெக்ட் மாகாணத்திலுள்ள பார்ன் என்ற ஊரில், 1993 செப்டம்பர் 9 அன்று. சின்ன வயதிலேயே குடும்பம் பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வளர்ந்தார், பிரெஞ்சு சரளமாகப் பேசுவார், பிற்பாடு பல ஆண்டுகள் பயிற்சி எடுத்ததும் பிரான்ஸில்தான். அதனால் வரும் குழப்பம் இது. போட்டியிட்டது நெதர்லாந்துக்காக.

முதலில் எந்த வகை நீச்சலில் இருந்தார்?

பேக்ஸ்ட்ரோக். 2011-ல் ஷாங்காய் உலகப் போட்டியில் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் வெண்கலம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 17. தங்கம் வாங்கியது அமெரிக்காவின் மிஸ்ஸி ஃப்ராங்க்ளின், அவருக்கோ 16. வெள்ளி ஆஸ்திரேலியாவின் பெலிண்டா ஹாக்கிங்குக்கு.

அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிலும் பேக்ஸ்ட்ரோக்தான். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

பதினேழு வயதில் உலகப் போட்டி வெண்கலம் வாங்கிய ஒருவர், அதே நீச்சலில் இன்னும் எட்டு வருடம் முயன்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஷரோன் அதைச் செய்யவில்லை.

ஏன் திறந்த நீருக்கு, அதாவது கடல், ஆறு, ஏரியில் நீந்தும் பந்தயங்களுக்கு மாறினார்?

லண்டனுக்குப் பிறகு அவர் தென் பிரான்ஸிலுள்ள நார்போனில் ஃபிலிப் லூக்காவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். லூக்கா என்றால் பிரான்ஸில் எல்லாருக்கும் தெரியும். 2004 ஏதென்ஸில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வென்ற லோர் மனோதுவை உருவாக்கியவர் அவர். வாய்க்கு வந்ததைப் பட்டென்று சொல்லிவிடும் மனிதர். அவர் பயிற்சியின் அடிப்படை ஒன்றுதான்: நிறைய தூரம், நாள் தவறாமல், சலிக்காமல்.

அந்த அளவுக்கு நீந்த உடம்பும் மனசும் எல்லாருக்கும் ஒத்துவராது. ஷரோனுக்கு ஒத்துவந்தது. 400 மீட்டர், 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நேரங்கள் கிடுகிடுவென்று இறங்கின. கூடவே 10 கிலோமீட்டரையும் எடுத்தார். 2014-ல் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 10 கிலோமீட்டர் தங்கம் அவருக்கு. அதே போட்டியில் ஆண்கள் 10 கிலோமீட்டரையும் நெதர்லாந்தின் ஃபெர்ரி வீர்ட்மன்தான் வென்றார். இரண்டு வருடம் கழித்து ரியோவில் இதே ஜோடி இதைத் திரும்பவும் செய்யும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்!

குளத்தில் நன்றாக நீந்துகிறவருக்குக் கடலில் நீந்துவது பெரிய விஷயமா?

ரொம்பப் பெரிய விஷயம்.

குளத்தில் உங்களுக்கென்று ஒரு பாதை இருக்கிறது. கயிறு கட்டியிருக்கும், அடியில் கோடு போட்டிருக்கும், தண்ணீரின் சூடு ஒரே அளவில் இருக்கும். 25 அல்லது 50 மீட்டருக்கு ஒருமுறை சுவரை உதைத்துத் திரும்பலாம். திறந்த நீரில் இதில் எதுவுமே கிடையாது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். மிதவையைச் சுற்றித் திரும்பும் இடங்களில் முழங்கை மூஞ்சியில் இடிக்கும், கால் உதை விழும், கண்ணாடி கழன்றுவிடும். போகும் திசையைத் தெரிந்துகொள்ள அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும், வேகம் குறையும். ஆக, எத்தனை முறை பார்ப்பது என்பதே ஒரு கணக்கு.

தண்ணீரின் சூடும் இடத்துக்கு இடம் மாறும். விதிப்படி 16 டிகிரிக்குக் கீழே போனாலும் 31 டிகிரிக்கு மேலே போனாலும் போட்டி நடத்தக்கூடாது. இந்த இடைவெளிக்குள் எதுவும் வரலாம். 20 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் நீச்சல் உடை) போட அனுமதி இல்லை.

அப்புறம் சாப்பாடு. இரண்டு மணி நேரம் நீந்துகிறவருக்கு நடுவில் சக்தி வேண்டும். பயிற்சியாளர்கள் ஒரு மிதவை மேடையில் நின்றுகொண்டு, நீளமான கம்பின் நுனியில் குவளையை மாட்டி நீட்டுவார்கள். நீந்துகிறவர் அதைப் பிடுங்கி, ஒரு நொடி மல்லாந்து புரண்டு, வாயில் கவிழ்த்துக்கொண்டு தொடர வேண்டும். அந்த ஒரு நொடியில் ஷரோன் தன் பழைய நீச்சலுக்குப் போய் வருகிறார் என்று எனக்குத் தோன்றும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அடுத்தவரின் பின்னால் நீந்துவது. முன்னால் போகிறவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதால் ஒட்டிப் பின்னால் வருகிறவருக்கு இழுவை குறையும். அதனால் யாருமே முதல் ஆளாகப் போக விரும்ப மாட்டார்கள், ஆனால் ரொம்பப் பின்தங்கினால் கடைசியில் பிடிக்க முடியாது. எப்போது ஒளிந்திருப்பது, எப்போது வெளியே வருவது என்ற இந்த முடிவுதான் பல பந்தயங்களைத் தீர்மானிக்கிறது. இதைக் குளத்தில் கற்றுக்கொள்ள வழியே இல்லை.

அப்படியானால் குளத்தை விட்டுவிட்டாரா?

அதுதான் இல்லை. அவரைப் பல்திறன் வீராங்கனை என்று சொல்வதற்கு முழுக் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

2014 டிசம்பரில் தோஹாவில் உலகக் குறுங்குளப் போட்டி, அதாவது 25 மீட்டர் குளத்தில் நடப்பது. பெண்கள் 4×200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலேயில் நெதர்லாந்து 7:32.85 என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றது. அந்த நால்வரைப் பாருங்கள்: இங்கே டெக்கர், ஃபெம்கே ஹேம்ஸ்கெர்க், ரனோமி க்ரோமோவிஜோயோ, ஷரோன் வான் ரௌவென்டால். முதல் மூவரும் வேக நீச்சலில் பெயர் போனவர்கள். ரனோமி லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர், 100 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அவர்களோடு சேர்ந்து, அதே ஆண்டு கோடையில் 10 கிலோமீட்டரில் ஐரோப்பியத் தங்கம் வாங்கியவர் 200 மீட்டர் நீந்தி உலக சாதனையில் பங்கெடுத்தார்.

அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த போட்டி எது?

பெரும்பாலானவர்கள் ரியோவையோ பாரிஸையோ சொல்வார்கள். நான் 2015 கசான் உலகப் போட்டியைச் சொல்வேன், அங்கே அவர் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை என்றாலும்.

கசானில் அவருக்கு மூன்று வெள்ளி. முதலில் ஆற்றில் 10 கிலோமீட்டர். அங்கே தங்கம் வென்றது பிரான்ஸின் ஓரெலி முல்லர், மூன்றாவது பிரேசிலின் அனா மார்செலா குன்யா. பிறகு அணிகளுக்கான 5 கிலோமீட்டரில் பிரேசிலோடு பகிர்ந்துகொண்ட வெள்ளி. இதெல்லாம் முடிந்து சில நாளில் குளத்துக்கு வந்து 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதியில் நின்றார். பக்கத்துப் பாதைகளில் குளத்தை மட்டுமே நம்பித் தயாராகி வந்தவர்கள். அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 3:59.13-ல் தங்கம் கொண்டுபோனார், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவருக்குப் பின்னால் 4:03.02-ல் தொட்டது ஷரோன். நெதர்லாந்தின் தேசிய சாதனை அது.

நான்கு நிமிடப் பந்தயத்துக்கும் இரண்டு மணி நேரப் பந்தயத்துக்கும் உடம்பைத் தயார்செய்யும் விதமே வேறு. ஒன்றுக்கு ஏற்றபடி செதுக்கினால் மற்றொன்றில் கூர்மை போய்விடும். ஒரே போட்டியில் இரண்டிலும் உலகின் இரண்டாவது ஆளாக நிற்பது எவ்வளவு அபூர்வம் என்பதைப் பதக்கப் பட்டியல் காட்டாது. அங்கே வெறுமனே மூன்று வெள்ளி என்றுதான் இருக்கும். அந்த வாரத்துக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

ரியோவில் இரண்டாவதாக வந்தவரைத் தகுதிநீக்கம் செய்தார்களே, என்ன நடந்தது?

2016 ஆகஸ்ட் 15, கோபகபானா கடற்கரை. கடைசிச் சுற்றில் ஷரோன் கூட்டத்தை உதறிவிட்டு முன்னேறினார். 1:56:32.1 நேரத்தில் முடித்தபோது, பின்னால் வந்தவர்களுக்கும் அவருக்கும் 17 நொடி இடைவெளி. 10 கிலோமீட்டர் பந்தயம் பெரும்பாலும் கை நீளத்தில் முடிவாகும். அதில் 17 நொடி என்பது மலைக்க வைக்கும் வித்தியாசம்.

சச்சரவு அவருக்குப் பின்னால் நடந்தது. ஓரெலி முல்லரும் இத்தாலியின் ரக்கேலே ப்ரூனியும் இரண்டாம் இடத்துக்கு ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். முடிவில் தலைக்கு மேலே தொங்கும் தொடுபலகையைக் கையால் அடிக்க வேண்டும். அடிக்கும் நேரத்தில் முல்லர் ப்ரூனியைத் தண்ணீருக்குள் அழுத்திவிட்டார் என்று முடிவுசெய்து அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். ப்ரூனிக்கு வெள்ளி. நான்காவதாக வந்திருந்த பிரேசிலின் போலியானா ஒகிமோட்டோவுக்கு வெண்கலம். ஒலிம்பிக் நீச்சலில் பதக்கம் வாங்கிய முதல் பிரேசில் பெண் அவர், அதுவும் சொந்த மண்ணில்.

முல்லரும் ஷரோனும் ஒரே பயிற்சியாளரிடம், நார்போனில் ஒரே குளத்தில் பயிற்சி எடுத்தவர்கள். ஒருவருக்குத் தங்கம், மற்றவருக்கு வெறுங்கை. முல்லர் அடுத்த ஆண்டே புடாபெஸ்டில் மறுபடி உலக சாம்பியன் ஆனார், அதையும் சொல்லியாக வேண்டும்.

ரியோவுக்குப் பிறகு கொஞ்ச காலம் காணாமல் போனாரே?

தோள்பட்டைப் பிரச்சினை. தூர நீச்சல்காரர்களுக்குத் தோள்தான் முதலில் தேய்கிறது. ஒரே அசைவை நாள் முழுக்க ஆயிரக்கணக்கான முறை செய்கிற மூட்டு அது. 2017 அவருக்குச் சிரமமான ஆண்டு.

2018-ல் திரும்பி வந்தார். கிளாஸ்கோ ஐரோப்பியப் போட்டியின் திறந்த நீர் பந்தயங்கள் லோக் லோமண்ட் ஏரியில் நடந்தன. 5 கிலோமீட்டர் தங்கம், 10 கிலோமீட்டர் தங்கம், கலப்பு அணிப் போட்டியில் தங்கம், 25 கிலோமீட்டரில் வெள்ளி. அந்த வெள்ளியும் எப்படி? ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீந்திவிட்டு, இத்தாலியின் அரியன்னா பிரிடியோடு ஒன்றாகப் பலகையைத் தொட்டு, புகைப்படத்தைப் பார்த்துத்தான் யார் முதல் என்று தீர்த்தார்கள்.

டோக்கியோவில் தங்கத்தைத் தவறவிட்டது ஏன்?

தவறவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குன்யா வென்றார், அவ்வளவுதான். 2021 ஆகஸ்ட் 4, ஒடைபா விரிகுடா. வெயிலுக்குப் பயந்து காலை ஆறரை மணிக்கே பந்தயத்தைத் தொடங்கினார்கள், அப்போதே தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குன்யா 1:59:30.8, ஷரோன் 1:59:31.7, ஆஸ்திரேலியாவின் கரீனா லீ 1:59:32.5. இரண்டு மணி நேரம் நீந்தி, மூன்று பேரும் இரண்டு நொடிக்குள்.

உலகப் போட்டிகளில் பல ஆண்டுகள் வென்றும் ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கைக்கு வராமல் இருந்தவர் குன்யா. அன்று அவர் வென்றதில் எனக்கும் சந்தோஷம்தான்.

ஜெர்மனிக்கு எதற்குப் போனார்?

டோக்கியோவுக்குப் பிறகு லூக்காவை விட்டு, மாக்டெபர்க்கில் பெர்ன்ட் பெர்க்ஹானிடம் சேர்ந்தார். டோக்கியோ ஆண்கள் 10 கிலோமீட்டரில் தங்கம் வென்ற ஃப்ளோரியன் வெல்ப்ராக்கின் பயிற்சியாளர் அவர். ஒலிம்பிக் தங்கமும் வெள்ளியும் வாங்கிக்கொடுத்த பயிற்சி முறையை இருபத்தெட்டு வயதில் விட்டுவிட்டு, வேறொரு நாட்டில் வேறொரு முறைக்கு மாறுவது லேசான முடிவு இல்லை.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 2022 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 10 கிலோமீட்டர் தங்கம். எத்தனையோ பட்டங்கள் வாங்கியவருக்கு, ரிலேயை விட்டுவிட்டால், தனியாக வென்ற முதல் உலக சாம்பியன் பட்டம் அதுதான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். 2024 பிப்ரவரியில் தோஹாவில் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் இரண்டையும் வென்றார்.

பாரிஸில் ஆற்றில் நீந்துவதில் என்ன சிக்கல்?

செய்ன் நதியின் சுத்தம் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். பேசியது நியாயம்தான். நீரின் தரம் சரியில்லை என்று டிரையத்லான் பந்தயத்தையே தள்ளிப்போட வேண்டி வந்தது. ஆனால் நீந்தியவர்களுக்குப் பெரிய தலைவலி நீரோட்டம்.

ஒரு சுற்று 1.67 கிலோமீட்டர், மொத்தம் ஆறு சுற்று. மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்திலிருந்து கிளம்பி, ஆற்றோடு கீழே போய், திரும்பி எதிர்நீச்சல் போட்டு மேலே வர வேண்டும். போகும்போது தண்ணீரே தள்ளிக்கொண்டு போகும். வரும்போது நடு ஆற்றில் நீந்தினால் நின்ற இடத்திலேயே நிற்பது மாதிரி ஆகிவிடும். அதனால் எல்லாரும் கரைச் சுவரை உரசிக்கொண்டு வந்தார்கள், அங்கே ஓட்டம் கொஞ்சம் குறைவு. முந்துவதற்கு வெளியே வந்தால் ஓட்டம் பிடித்துக்கொள்ளும். ஆக, முந்த நினைக்கிறவர் இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 8 காலை. ஆஸ்திரேலியாவின் மொயீஷா ஜான்சன் நெடுநேரம் முன்னால் போனார். ஷரோனும் இத்தாலியின் ஜினேவ்ரா தத்தேயுச்சியும் விடாமல் ஒட்டிக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் ஷரோன் விலை கொடுத்து வெளியே வந்து முந்தினார். 2:03:34.2. ஜான்சன் ஐந்தரை நொடி பின்னால், தத்தேயுச்சி மூன்றாவது. குன்யா நான்காவது.

ரியோவில் 1:56, பாரிஸில் 2:03. வேகம் குறைந்துவிட்டதா?

இல்லை. திறந்த நீரில் ஒரு இடத்து நேரத்தை இன்னோர் இடத்து நேரத்தோடு ஒப்பிடக்கூடாது. அலை, ஓட்டம், சூடு எல்லாமே வேறு. இந்தப் பந்தயத்துக்கு உலக சாதனை நேரம் என்று ஒன்று வைக்காததும் அதனால்தான்.

பாரிஸில் வென்றதும் மணிக்கட்டைக் காட்டி அழுதாரே, ஏன்?

அவர் வளர்த்த நாய்க்குட்டியின் பெயர் ரியோ. 2016 வெற்றியின் நினைவாக வைத்த பெயர். பாரிஸுக்குச் சில மாதங்களே இருக்கும்போது, 2024 மே மாதத்தில், அது இறந்துவிட்டது. நீச்சலே வேண்டாம் என்ற நிலைக்குப் போய்விட்டதாக அவரே பிறகு சொன்னார். அவருடைய அப்பாதான், ரியோவுக்காக இன்னும் ஒரு முறை நீந்து என்று சொல்லி மனசை மாற்றியிருக்கிறார். மணிக்கட்டில் ரியோவுக்காகப் பச்சை குத்திக்கொண்டு போட்டிக்கு வந்தார். தொடுபலகையை அடித்ததும் அந்தக் கையைத்தான் காட்டினார்.

நாய்க்காகவா இவ்வளவு என்று கேட்டவர்களையும் பார்த்தேன். ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு மாறி, நாளில் பாதியைத் தண்ணீருக்கடியில் யாரோடும் பேசாமல் கழிக்கிற ஒருவருக்கு, வீட்டில் காத்திருக்கிற ஒரு ஜீவன் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால் புரியும்.

நெதர்லாந்து சின்ன நாடு. திறந்த நீரில் மட்டும் எப்படி இத்தனை பதக்கம்?

தண்ணீரோடு வாழ்கிற நாடு என்பது எல்லாரும் சொல்லும் பதில். வாய்க்கால் இருந்தால் மட்டும் சாம்பியன் வந்துவிட மாட்டார். அடுத்தடுத்து முன்னால் நடந்து காட்டியவர்கள் இருந்தார்கள். முதலில் எடித் வான் டைக், ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் சேர்வதற்கு முன்பே பலமுறை உலக சாம்பியன். பிறகு மார்ட்டன் வான் டெர் வெய்டன். 2001-ல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதிலிருந்து மீண்டு, 2008 பெய்ஜிங்கில் ஒலிம்பிக்கின் முதல் ஆண்கள் 10 கிலோமீட்டர் தங்கத்தை வென்றார். 2016-ல் ஷரோன் வென்ற மறுநாள் அதே கடலில் வீர்ட்மன், புகைப்படத்தைப் பார்த்துத் தீர்மானித்த வெற்றி.

குளத்திலும் திறந்த நீரிலும் ஜெயித்தவர்கள் வேறு யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். துனிசியாவின் உசாமா மெல்லூலி 2008-ல் 1500 மீட்டர் தங்கமும் 2012-ல் 10 கிலோமீட்டர் தங்கமும் வென்றவர். வெல்ப்ராக் டோக்கியோவில் 10 கிலோமீட்டர் தங்கத்தோடு 1500 மீட்டர் வெண்கலமும் வாங்கினார். ஒலிம்பிக் கணக்கில் பார்த்தால், இரண்டு இடத்திலும் பதக்கம் வென்ற அவர்கள் ஷரோனுக்கு மேலே.

ஆனால் அவர்கள் குளத்தில் ஜெயித்தது 1500 மீட்டரில், அதே ஃப்ரீஸ்டைலில். ஷரோன் உலகப் பதக்கங்கள் வாங்கிய வகைகளை அடுக்கிப் பார்த்தால் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக், ரிலேயில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல், தனியாக 400 மீட்டர், திறந்த நீரில் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். ஐரோப்பியப் போட்டியில் 25 கிலோமீட்டரும் சேரும். இரண்டு நிமிடத்திலிருந்து ஐந்து மணி நேரம் வரை. இந்த அகலம் வேறு யாரிடமும் எனக்குத் தெரிந்து இல்லை.

அவருடைய பந்தயம் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பாரிஸ், கடைசிச் சுற்று. முதல் ஐந்து சுற்றைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, ஆனால் எதிர்நீச்சல் பகுதி வரும்போது தாண்டாதீர்கள். மூன்று பேர் சுவரை ஒட்டி வரிசையாக வருவார்கள். ஷரோனின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து நேரம் கிடைத்தால் கசான் 400 மீட்டரைப் பாருங்கள், லெடெக்கியை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால்.